திரு. நெல்லிவாசல் நாடு உயிரோடு இருக்கிறாரா?

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நலம் விசாரித்தாள், முட்டிவலி விசாரித்தாள். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "சார், திரு. நெல்லிவாசல் நாடு உயிரோட இருக்காரா?" என்று கேட்டாள்.

நான் அப்போது கண்ணமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். மேகம் இல்லாத நாள். மலை இருந்த இடத்திலேயே இருந்தது. "இருக்காரும்மா" என்றேன்.

"இருந்தா முகத்தைக் காட்டணும் சார். மாசக் கடைசிக்குள்ள. இல்லன்னா கணக்கை மூடிடுவாங்க."

நெல்லிவாசல் நாடு என்பது ஆள் இல்லை. ஜவ்வாது மலையின் மேல் சில சிற்றூர்கள் சேர்ந்த பகுதிக்கு அந்தப் பெயர். மலையில் அப்படிப் பல நாடுகள் உண்டு. அதில் ஒன்று, பாட்டுப் பதிவு செய்யும் எங்கள் மென்பொருளுக்கு முறைப்படி உரிமம் பெற்ற வாடிக்கையாளராக எப்படி ஆனது என்று போனில் சொன்னால் சொல்லி மாளாது. "அப்ப எழுதிக் குடுங்க சார். டாங்கிளுக்கும் இதோட கதை முடியுது. ஆபீஸ்ல எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். எழுதுகிறேன்.

டாங்கிள் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: அது ஒரு சாவி. விரல் நீளம் இருக்கும். கணினியின் பக்கவாட்டில் செருகினால் மென்பொருள் திறக்கும். பிடுங்கினால் நின்றுவிடும். மென்பொருளை நகல் எடுப்பது சுலபம். ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் தெருவே இலவசமாகப் பயன்படுத்தும். சாவியை நகல் எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. அதனால் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் கம்பெனி மென்பொருளோடு ஆளுக்கொரு சாவியையும் விற்றது. அந்தச் சாவி உரியவர் கையில்தான் இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது என் வேலை. அதற்குச் சரிபார்ப்பு என்று பெயர். கண்ணமங்கலத்தில் யாராவது "இன்னா வேல செஞ்ச?" என்று கேட்டால் பூட்டுக் கம்பெனி என்று சொல்லிவிடுவேன். திண்டுக்கல்லா என்பார்கள். இல்லை, சென்னை என்பேன். அதோடு விட்டுவிடுவார்கள்.

டிப்ளமா படித்தது, ஆரணியில் டேப் ரெக்கார்டர் பழுது பார்த்தது, சென்னைக்கு ரயிலேறியது எல்லாம் என் தலைமுறையில் பாதிப் பேருக்கு நடந்ததுதான். அதைத் தாண்டி ராஜகோபால் சாரிடம் வந்துவிடுகிறேன்.

ராஜகோபால் சார் எங்கள் தென்மண்டல மேலாளர். முழுக்கைச் சட்டையின் கடைசிப் பொத்தான்வரை போட்டிருப்பார். காபி, டீ கிடையாது. பனங்கற்கண்டு போட்ட வெந்நீர்தான். மேஜை இழுப்பறையில் கற்கண்டுக்கென்று ஒரு பாட்டில் வைத்திருந்தார். உரிம ஒப்பந்தத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிஸ்கேலை வைத்து, வரி முடிந்ததும் ஸ்கேலை இறக்குவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் ஒரு ஸ்டூடியோக்காரரைத் திருடன் என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். சார் என்னைக் கூப்பிட்டு, "திருடன்னு எழுதக் கூடாது. வருங்கால வாடிக்கையாளர்னு எழுதணும்" என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் எத்தனை வருங்கால வாடிக்கையாளர்களைச் சந்தித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

சரிபார்ப்புக்கு அவர் வகுத்த முறை இதுதான். முன்கூட்டிச் சொல்லாமல் போக வேண்டும். போனதும் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். "பயந்தவன் முதல்ல கம்ப்யூட்டரை மூடுவான். பயப்படாதவன் முதல்ல தண்ணி கொண்டு வருவான்" என்பார். தண்ணீர் குடித்தபின் சாவியின் அடிவயிற்றில் இருக்கும் எண்ணைப் படித்து, திரையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். கடைசியாக, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைப் பிடுங்க வேண்டும். அசல் மென்பொருள் உடனே நின்று, சாவி எங்கே என்று கேட்கும். திருட்டுப் பிரதிக்கு ஒன்றுமே தெரியாது. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு அநியாயம் இருப்பது எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. தொல்லையெல்லாம் காசு கொடுத்தவருக்குத்தான். சென்னையில் ஒரு இசையமைப்பாளர் சாவியை ஆட்டோவில் விட்டுவிட்டார். போலீஸ் புகார், உறுதிமொழிப் பத்திரம், தலைமை அலுவலக அனுமதி என்று புதுச்சாவி வருவதற்குள் அவர் கையிலிருந்த படமே கைமாறிவிட்டது. அடுத்த தெருவில் திருட்டுப் பிரதி வைத்திருந்தவர் நிம்மதியாக வேலை செய்துகொண்டிருந்தார். "காசு குடுத்தவனுக்கு ஜெயில், திருடினவனுக்கு ஜாமீனா?" என்று இசையமைப்பாளர் என் சட்டையைப் பிடிக்காத குறை. நான் போய்ச் சாரிடம் சொன்னேன். "அவர் சொல்றது நியாயம்தான். எழுத்துல குடுக்கலையே" என்றார்.

வேலூரில் இன்னொருவர் ஆயுதபூஜைக்குச் சாவியின் உலோக முனையிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். சாவி அடைத்துக்கொண்டது. கண் பட்டுவிட்டது என்று எங்களுக்கே போன் செய்து ஆறுதல் சொன்னார். அதன்பிறகு வாடிக்கையாளர் கையேட்டின் தமிழ்ப் பதிப்பில் சார் ஒரு வரி சேர்த்தார்: "சந்தனம் வைப்போர் பின்பக்கம் வைக்கவும்." தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். சார் கொடுத்த விளக்கம் அந்தக் கையேட்டைவிட நீளமாக இருந்தது.

இனி நெல்லிவாசலுக்கு வருகிறேன்.

நெட் கிடைக்கும் இடத்தில் செருகினால், தான் எந்தெந்தக் கணினிகளில் இருந்தது என்பதைச் சாவி கம்பெனிக்குச் சொல்லிவிடும். இது பல வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. பூங்கொடி என்பவர் பெயரில் உள்ள ஒரே சாவி படவேட்டில் ஒரு கணினியிலும், ஜமுனாமரத்தூரில் ஒன்றிலும், நெல்லிவாசல் நாட்டில் ஒன்றிலும் மாறி மாறித் தெரிகிறது. சாவியைப் போலியாகச் செய்து ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம். போலி என்று உறுதியானால் அந்த எண்ணையே முடக்கிவிடுவார்கள். அதன்பிறகு பழைய பாட்டுக்கூடத் திறக்காது.

என் சொந்த ஊர்ப்பக்கம் என்பதால் எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. வீட்டில் சொல்லாமல் நேராகப் படவேட்டுக்குப் போனேன்.

படவேட்டில் ஏழுமலை என்பவர் புளி வியாபாரி. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அம்மன் பாட்டு பதிவு செய்து பென் டிரைவில் போட்டுக் கோயில் தெருவில் விற்றார். தண்ணீர் கேட்டேன். சொம்பில் கொண்டுவந்தார். கணினியை மூடவில்லை. சாவி எங்கே என்றேன்.

"சாவியா? இந்த வாரம் எங்க முறை இல்லிங்க சார். மேல போய்ருக்குது."

"மேலன்னா?"

"ஜமுனாமரத்தூர்ல கோவிந்தன் வச்சினு இருப்பான். மைக்செட் கடை. நீங்க மோரு சாப்புட்றீங்களா?"

மோர் குடித்துவிட்டுப் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போனேன். கோவிந்தன் ஒலிபெருக்கிக் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரும் தண்ணீர் கொடுத்தார்.

"சாவிய நேத்திக்கே நெல்லிவாசலுக்கு ஏத்தி அனுப்சிட்டேனே சார். பூங்கொடிக்கு அவசரமா வேலை கீது."

இது எனக்குப் பழக்கமான ஆட்டம். ஒருவர் அடுத்தவரைக் காட்டுவார், அவர் இன்னொருவரைக் காட்டுவார், நாம் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் ஒளித்துவிடுவார்கள். 'போலி' என்று அறிக்கையின் முதல் வரியை மனதுக்குள் எழுதிக்கொண்டே ஷேர் ஜீப்பில் முன்சீட்டில் ஏறினேன். ஜீப்புக்காரர் பெயர் சின்னராசு. பின்னால் அரிசி மூட்டை, ஒரு தையல் மிஷின், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஒரு டஜன் பேர்.

சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுமினிய டப்பா இருந்தது. முதல் வளைவிலேயே அது உருண்டு என் காலில் விழுந்தது.

"சார், அந்த டப்பாவக் கொஞ்சம் மடியில வச்சினு வாங்க. நேத்து வண்டி மக்கர் பண்ணிச்சி, இன்னிக்கித்தான் எடுத்துனு போறேன்."

வைத்துக்கொண்டேன். குலுக்கினால் தானியச் சத்தம் கேட்டது. விதைக்கு எடுத்துப்போகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, வழியெல்லாம் மூடி கழன்றுவிடாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன்.

பூங்கொடியின் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. சின்னராசு என் மடியிலிருந்த டப்பாவை வாங்கி அந்த அம்மாவிடம் கொடுத்தார். அவர் மூடியைத் திறந்தார். உள்ளே நிறையச் சாமை. சாமைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவி, எங்கள் கம்பெனியின் சாவியை வெளியே எடுத்து, ஊதி, முந்தானையில் துடைத்தார். நான் தேடிவந்த சாட்சியம் ஜமுனாமரத்தூர் தாண்டியதிலிருந்து என் மடியில்தான் இருந்திருக்கிறது.

நான் தண்ணீர் கேட்கவே மறந்துவிட்டேன். அவராகவே கொடுத்தார்.

பூங்கொடிக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இவரும் அங்கே சில வருஷம் இருந்திருக்கிறார். பக்கத்து அறைக்காரர் ஒருவர் கல்யாணப் பாட்டு பதிவு செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, சேர்த்த காசில் ஒரு கணினியும் எங்கள் மென்பொருளும் வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பிவிட்டார். கல்யாணப் பாட்டு, திருவிழாப் பாட்டு, பஞ்சாயத்து அறிவிப்பு என்று வேலை ஓயாமல் வந்தது. திருட்டுப் பிரதி ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். "அதுக்கு அடிக்கடி நெட்டுல போய்ப் புதுசு புதுசா இன்னாவோ எறக்கணுமாம் சார். இங்க போனே எடுக்காது. சாவின்னா செருவுனா போதும்" என்றார். எங்கள் விளம்பரப் பிரிவு இவ்வளவு சுருக்கமாக ஒரு நாளும் சொன்னதில்லை.

பதிவு அறையைப் பார்த்தேன். நான்கு சுவருக்கும் புளி மூட்டை கூரைவரை அடுக்கியிருந்தது. எதிரொலி துளிகூட இல்லை. புளி விற்றுப்போனால் அறை முழங்கும், அதனால் முக்கியமான பதிவையெல்லாம் புளி இருக்கும்போதே முடித்துவிடுவார்களாம். விற்கிற நாளை ஏழுமலையும் பூங்கொடியும் கலந்து பேசித்தான் முடிவு செய்வார்கள்.

எண்ணைப் பார்த்தேன். சரியாக இருந்தது. பாட்டை ஓடவிட்டுச் சாவியைப் பிடுங்கினேன். உடனே நின்றது. சாவி ஒன்றுதான், அசல்தான். போலி இல்லை. ஆனால் ஒப்பந்தம் இருக்கிறதே. உரிமம் பெற்றவர் சாவியை இரவல் தரவோ, வாடகைக்கு விடவோ, பிறரோடு பகிரவோ கூடாது. தமிழில் சொன்னேன்.

பூங்கொடி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சாவி வூட்ல இருக்கும்போது ஒருத்தரு வந்து கேட்டா, இல்லன்னு சொல்றதா சார்?" என்றார்.

"அப்படித்தாம்மா போட்டிருக்கு."

"ஊர்ல கல்யாணப் பாத்திரம் கீது சார். பெரிய அண்டா. அது யாரு வூட்ல இருந்தாலும் அவுங்களோடது இல்ல. வேணுன்றவங்க எடுத்துனு போவாங்க, வேலை முடிஞ்சா கழுவிக் குடுத்துடுவாங்க. இதுவும் அப்டித்தான். எனக்கு வாரம் பூரா வேலை கெடையாது. சும்மா கெடக்குற நாள்ல அவுங்க பாடட்டுமே."

"சாமை எதுக்கு?"

"பாத்திரத்த வெறுமனா திருப்பக் கூடாதுங்களே" என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. டப்பாவும் பாத்திரம்தானே. யார் வாங்கினாலும் ஒரு கை தானியம் போட்டுத்தான் திருப்புவார்களாம். சாமை உமி தூசு சாவியில் ஒட்டியிருந்தது உண்மைதான். ஆனால் அந்த மலை மழையிலும் சாவியில் துளி துரு இல்லை. சென்னையில் குளிர்சாதன அறையில் வைத்திருந்தவர்களின் சாவிகளே பச்சை பூத்துப்போய் என்னிடம் வரும்.

முறைப்படி நான் சாவியைச் சென்னைக்கு எடுத்துப்போக வேண்டும். சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"திரும்பி வருமா சார்?"

தெரியாது என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"வராட்டி நான் திருப்பூருக்குத்தான் போவணும். போன தடவ போனப்ப எம்பொண்ணத் தங்கச்சிகிட்ட வுட்டுட்டுப் போனேன். திரும்பி வந்து கையை நீட்டுறேன், அது என்னப் பாத்துட்டுத் தங்கச்சி பின்னால போய் ஒளிஞ்சிக்கிச்சி சார். இப்பத்தான் ராத்திரில எங்கிட்ட படுக்குது."

அந்தப் பெண், செல்வி, ஒரு புளி மூட்டைமேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பூங்கொடி சாவியைச் சாமைக்குள் புதைத்து, மூடியை இறுக்கி, டப்பாவோடு என் கையில் கொடுத்தார். சண்டை போடவில்லை, கெஞ்சவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்துப் பழக்கம்.

மறுநாள் ராஜகோபால் சார் மேஜைமேல் டப்பாவை வைத்து நடந்ததைச் சொன்னேன். செல்வி ஒளிந்துகொண்டதையும் சொன்னேன். அது அறிக்கையில் வராத விஷயம், ஆனாலும் சொன்னேன். அவர் ஒப்பந்தத்தை எடுத்து அடிஸ்கேலை வைத்தார்.

"வாடகை வாங்கறாங்களா?"

"இல்ல சார்."

ஸ்கேல் ஒரு வரி இறங்கியது. "இரவல்னா சொந்தக்காரன்னு ஒருத்தன் இருக்கணும். சாவி யாரோடது?"

"பூங்கொடி பேர்ல இருக்கு. ஆனா அந்தம்மா தன்னோடதுன்னு சொல்லல. எல்லாருக்கும் பொதுன்னு சொல்றாங்க."

ஸ்கேல் நின்றது. சார் வெந்நீர் குடித்தார். முழு டம்ளரையும் முடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அப்ப பேர்தான் தப்பா இருக்கு. திருத்திடலாம்" என்றார். "எல்லாருக்கும் பொதுன்னா, அந்த எல்லாருக்கும் ஒரு பேர் இருக்கணுமே?"

"நெல்லிவாசல் நாடு, சார். ஜமுனாமரத்தூர்க்காரரும் படவேட்டுக்காரரும் மட்டும் வெளியில இருக்காங்க."

"விருந்தாளிங்க. ஒப்பந்தத்துல விருந்தாளி பத்தி ஒண்ணும் இல்ல."

பெயர் மாற்றும் பக்கத்தைத் திறந்தார். முதல் பெயர் கேட்டது. நெல்லிவாசல் என்று அடித்தார். குடும்பப் பெயர் கேட்டது. நாடு என்று அடித்தார். ஆணா பெண்ணா என்று கேட்டது. கொஞ்சம் யோசித்து ஆண் என்று போட்டார். பிறந்தநாளுக்குப் பொங்கல். மலையில் நெட் இல்லை என்பதால் தொடர்புக்கு என் மின்னஞ்சல். ஒருவர் பெயரில் ஒரு சாவி, அதை அவரே தன் மூன்று அறைகளில் மாறி மாறிப் பயன்படுத்துகிறார் என்று ஆகிவிட்டது. அதற்கு ஒப்பந்தம் தாராளமாக இடம் கொடுத்தது.

"சார், இது..." என்று இழுத்தேன்.

"ஏதாவது ஆட்சேபம்னா எழுத்துல குடுங்க" என்றார்.

நான் கொடுக்கவில்லை. அவர் டப்பாவிலிருந்த சாமையை ஒரு கவரில் கொட்டிக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து, தன் பாட்டிலிலிருந்த பனங்கற்கண்டை டப்பா நிறையப் போட்டு, அதற்குள் சாவியை வைத்து மூடினார். மறுநாள் காலையில், "சாமைப் பொங்கல் நல்லா வந்துது" என்றார். அந்த வழக்கைப் பற்றி அவர் கடைசிவரை சொன்ன கருத்து அது ஒன்றுதான்.

டப்பாவை நானே எடுத்துப்போனேன். பூங்கொடி திறந்து பார்த்துவிட்டு, "உங்க ஊர்லயும் வெறுமனா குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். சந்தோஷத்தை வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. செல்வி கற்கண்டை அள்ளிக்கொண்டு ஓடியது.

அதன்பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் "அன்புள்ள திரு. நாடு" என்று பிறந்தநாள் வாழ்த்து என் மின்னஞ்சலுக்கு வரும். நான் சின்னராசுக்குப் போன் போட்டுச் சொல்வேன். சிக்னல் கிடைக்கும் ஒரே வளைவில் அவர் வண்டியை நிறுத்திப் பேசுவார். பூங்கொடியின் கணவர் திருப்பூரை விட்டு வந்துவிட்டார். ராஜகோபால் சார் இப்போது இல்லை. நானும் ஓய்வு பெற்றேன்.

இப்போது கவிதா சொன்ன விஷயம் இது. டாங்கிளையே ஒழித்துவிடுகிறார்கள். இனி எல்லாரும் மாதச் சந்தா கட்டி, நெட் வழியாக நுழைந்து, அவ்வப்போது கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டும். மாறாதவர்களின் சாவி எண்ணை முடக்கிவிடுவார்கள். நெல்லிவாசலில் நெட் இல்லாததால் சாவிக்கு அது உடனே தெரியாதுதான். ஆனால் முறை வந்து படவேட்டில் செருகிய நிமிஷமே தெரிந்துவிடும். அதோடு மூன்று அறையும் முடிந்தது. இத்தனை வருஷம் பதிவு செய்த பாட்டு ஒன்றுகூடத் திறக்காது.

"வேற வழியே இல்லையாம்மா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். இறந்துபோனவங்க கணக்கைத் தொட மாட்டாங்க. குடும்பத்துல இருக்கறவங்க அவரோட பழைய பாட்டைத் திறந்து கேக்கணும்ல, அதனால சாவி இருக்கறபடியே ஓடும். புதுசா எதுவும் தர மாட்டாங்க, எதுவும் கேக்கவும் மாட்டாங்க. அதான் உயிரோட இருக்காரான்னு கேட்டேன்."

புத்திசாலிப் பெண். சாரிடம் வேலை பார்த்திருக்க வேண்டியவள்.

சின்னராசுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் அவர் பூங்கொடியை அந்த வளைவுக்கே கூட்டிவந்து பேசவைத்தார்.

"நாடு செத்துப்போச்சின்னு எழுதித் தர்றதா? மொதல்ல வாயக் கழுவுங்க சார்!" இத்தனை வருஷத்தில் பூங்கொடி என்னிடம் கோபப்பட்டது அன்றைக்குத்தான். "சாவி போனா போவட்டும். நான் திருப்பூருக்கே போறேன்."

பின்னாலிருந்து சின்னராசுவின் குரல் கேட்டது. "எம்மா, ஆளு உசுரோட இருக்கும்போது செத்துட்டான்னு பொய்ச் சேதி வந்தா இன்னா ஆவும்?"

"ஆயுசு கெட்டியாவும்" என்றார் பூங்கொடி.

"அப்புறம் இன்னா? சார எழுதச் சொல்லு."

எழுதினேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் சொல்வது உண்மையா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் மொட்டைமாடியில் உட்கார்ந்து, எதிரே மலையைப் பார்த்துக்கொண்டே, அது இறந்துவிட்டது என்று என் கையால் அடித்தேன். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டது. நண்பர் என்று போட்டேன்.

முதல் தடவை நெட்டில் செருகும்போது என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, பூங்கொடி டப்பாவைப் படவேட்டுக்கு அனுப்பியிருந்தார். ஏழுமலை செருகினார். இரண்டு பேரும் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றோம். சாவியில் பச்சை விளக்கு எரிந்தது. அணையவில்லை. ஏழுமலை மோர் கொண்டுவந்தார்.

சாமையை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். டப்பா நிறைய எங்கள் வேர்க்கடலையைப் போட்டு, சாவியை உள்ளே வைத்து மலைக்கு எடுத்துப்போனேன். கம்பெனியிலிருந்து இரங்கல் மடல் வந்திருந்தது. அதையும் அச்செடுத்துக்கொண்டேன்.

புளி அறையில் பூங்கொடி, அவர் கணவர், கோவிந்தன், சின்னராசு, இன்னும் அக்கம்பக்கத்தார் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி இப்போது கல்லூரிப் பெண். லீவுக்கு வந்திருந்தாள். சாவியைச் செருகி, பச்சை விளக்கைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மடலை என் கையிலிருந்து வாங்கி எல்லாருக்கும் தமிழில் சொன்னாள். நெல்லிவாசல் நாடு அவர்களின் மறைவுச் செய்தி எங்களை மிகவும் வருத்தியது. பல ஆண்டுகள் எங்களோடு இருந்தார். அவருடைய பாட்டுகள் அவரைச் சேர்ந்தவர்களிடம் என்றும் பத்திரமாக இருக்கும். இந்தத் துயரத்தில் உங்களோடு நாங்களும் பங்குகொள்கிறோம்.

சின்னராசு தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கோவிந்தன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். பூங்கொடி மடலை வாங்கி, படிக்க வராத அந்த எழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"இது வரைக்கும் எங்க நாட்டுக்குன்னு ஒருத்தரும் துக்கம் கேட்டதில்ல சார்" என்றார்.

செல்வி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த வாரம் புளி விற்கப்போகிறார்கள், அதற்குள் திருவிழாப் பாட்டை முடித்தாக வேண்டும்.